கேரம் போர்டுக்குக் கீழே மலாக்கா சரித்திரம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிதில், மலாக்காவின் காஜா பேராங்கில் ஒரு சங்கத்தின் வாசகசாலைக்கு லைப்ரேரியனாகச் சேர்ந்தேன். முதல் நாளே புத்தகங்களைக் கழிக்கும் வேலை வந்தது.

சங்கத் தலைவர் ஓர் அலமாரியைக் கைத்தடியால் தட்டினார். உள்ளே மலாக்காவைப் பற்றிய பழைய சரித்திரப் புத்தகங்கள்.

"நாடே புதுசாயிடுச்சு, இன்னும் என்னய்யா இந்தக் குப்பை? எல்லாத்தையும் கண்டெம் பண்ணிடு. மணிவிழா மலருக்கு இடம் வேணும்லா."

மணிவிழா அவருடையதுதான். மலரில் பக்கத்துக்குப் பக்கம் அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

உதவாது என்று கண்டெம் முத்திரை விழுந்த புத்தகம் சங்கத்துச் சொத்தாக இருக்காது. கமிட்டி மெம்பர்கள் இருவர் முன்னிலையில் அதைக் கொளுத்த வேண்டும் என்பது விதி. முத்திரை குத்திப் பெட்டிகளில் போட்டுவிட்டேன். ஆனால் போட்டோ எடுக்க ஆள் வந்தால்தான் நம் மெம்பர்கள் எங்கும் வருவார்கள். புத்தகம் எரிவதை எவன் போட்டோ எடுப்பான்? பெட்டிகள் கேரம் போர்டுக்குக் கீழேயே கிடந்தன. சங்கத்துச் சோம்பலை நான் மனதார வாழ்த்தியது அந்த ஒரு தடவைதான்.

சில மாதங்களில் பக்கத்துக் கிராமமான செட்டி கம்பத்திலிருந்து தெய்வானை அம்மாள் வந்தார். உடம்பில் மலாய்க்காரிகளின் கெபாயாச் சட்டையும் நெற்றியில் திருநீறும். மலாக்கா செட்டிகள் நம் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள், பேசுவது மலாய்.

"புக்கு லாமா அடா லாகி?" பழைய புத்தகம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

சாலையை அகலப்படுத்த அவர்களுடைய சின்னக் கோயிலை இடிக்கப் போகிறார்களாம். நேற்று முளைத்த கொட்டகை, பழசென்றால் திங்கட்கிழமைக்குள் ஆதாரம் காட்டு என்று அதிகாரி சொல்லிவிட்டார். கோயிலின் படத்தை இங்கே ஒரு புத்தகத்தில் பார்த்ததாக அம்மாளின் கணவர் உயிரோடிருந்தபோது சொல்லியிருக்கிறார்.

இருவரும் பெட்டிகளைக் கிளறினோம். ஒரு புத்தகத்தில் கரையான் அட்டையோடு நிறுத்தியிருந்தது. உள்ளே கோயிலும், அதன் முன்னே சாமி ஊர்வலமும். அம்மாள் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சேதி எட்டி, சாயங்காலமே தலைவர் வந்துவிட்டார்.

"இது நம்ம சங்கத்துப் பொக்கிஷம்யா! கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டு. அடுத்த மாசம் மந்திரி வர்றப்ப நான் தொறந்து காட்டுறேன். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"அம்மாவுக்குத் திங்கட்கிழமை வேணுங்க. கோயில் போயிடும்."

"கோயில் எங்கயும் கட்டிக்கலாம். மந்திரி தெனமுமா வர்றாரு?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"தலைவரே, இது கண்டெம் பண்ணுனது. உங்க உத்தரவுதான். இப்ப சங்கத்துச் சொத்து இல்லைங்க."

"அப்ப என்னதான் பண்ணணும்ங்கிற?"

"கொளுத்தணும். மந்திரி முன்னாலயே கொளுத்திடலாமா?"

அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். புத்தகத்தை அம்மாளிடம் கொடுத்தேன். எப்போது திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார். தரவே வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை அதிகாரி படத்தையும் புத்தகம் அச்சான வருஷத்தையும் வெகுநேரம் பார்த்தாராம். கோயில் தப்பியது. மந்திரி வந்தபோது, ஊர்ச் சரித்திரத்தைத் தன் உயிரைப்போல் காத்ததாகத் தலைவர் பேசினார், கைதட்டலும் வாங்கினார்.

நேராக வர வேண்டிய சாலை கோயிலருகே சற்று வளைந்து போகிறது. லாரிக்காரர்கள் இன்றும் திட்டிக்கொண்டேதான் அங்கே ஸ்டியரிங்கை ஒடிக்கிறார்கள். பழைய புத்தகத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்கும் இளம் லைப்ரேரியன்களை நான் அந்த வளைவுக்குத்தான் அனுப்புகிறேன்.