பின்சீட்டில் அப்பா

அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. அதுதான் மாமா இருந்தாரே. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் அப்பாவோடு வேலை பார்த்தவர். உறவெல்லாம் கிடையாது, நானாக மாமா ஆக்கிக்கொண்டேன். தினமும் காலையில் கவுண்டம்பாளையத்திலிருந்து பைக்கில் வந்து, துடியலூரில் எங்கள் சந்துக்குள் திரும்பி, வாசலில் நின்று ஹாரன் அடிப்பார்.

"ஏனுங்க, கிளம்பலாமுங்களா?"

அப்பா பின்சீட்டில், நான் முன்னால் பெட்ரோல் டேங்க் மேல். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும்போது மடங்கிக் கிடக்கும் என் காலரை மாமாதான் சரிசெய்வார். அப்பாவுக்கு அதெல்லாம் கண்ணில் படாது.

இத்தனை வருடம் ஒரே வண்டியில் போனவர்கள், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏனுங்க, ஆமாங்க, சரிங்க. இதிலேயே அவர்கள் சிநேகிதம் ஓடியது.

அம்மாதான் ஆரம்பித்தாள். "எத்தன நாளைக்குத்தான் அவிய வண்டில தொத்தீட்டுப் போவீங்க? அவியளுக்கும் சிரமந்தானுங்களே?"

அப்பா ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினார். ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் மாமாதான். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அப்பா நேராக முள்வேலியைப் பார்த்துப் போய்க்கொண்டிருப்பார். மாமா பின்னாலேயே ஓடிக்கொண்டு, "ஏனுங்க, கொஞ்சம் பிரேக்கைப் புடிச்சீங்கன்னா நல்லாருக்குமுங்க" என்பார். அந்த மரியாதை முடிவதற்குள் அப்பா வேலிக்குள் கிடப்பார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன்.

அப்பா ஓட்டிப் பழகிவிட்ட பிறகு எங்கள் சந்தில் அந்த ஹாரன் நின்றுபோனது. இனி வரவேண்டாம் என்று அப்பா சொல்லவில்லை. எப்போதும்போலச் சேர்ந்தே போகலாமே என்று மாமாவும் கேட்கவில்லை. அவருக்கு ஏன் சிரமம் என்று இவரும், இவரை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று அவரும் நினைத்துக்கொண்டு, ஒரே மேட்டுப்பாளையம் ரோட்டில் தனித்தனியாகப் போனார்கள். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது. அப்போது எனக்கு எங்கள் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போகும் பெருமையே பெரிதாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாவிடம் அவர் சொன்னது உள்ளே இருந்த எனக்கும் கேட்டது. அன்று காலையில் என்னைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகும்போது, மாமா ரோட்டோரம் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாராம். சட்டையெல்லாம் வேர்வை. அப்பா வண்டியை நிறுத்தி, உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறார்.

"ஒண்ணுமில்லீங்க, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாரேன், உங்களுக்கு நேரமாச்சு, நீங்க போங்கன்னாரு. நானும் போயிட்டேன் அம்மணி." அப்பாவின் குரல் உடைந்துவிட்டது. "வண்டில ஏறுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டிருக்கோணும். அவரு பேச்சை மீறி எப்படிச் சொல்றதுன்னு போயிட்டேன்."

மாரடைப்பு. மாமா இறந்துவிட்டார் என்று மத்தியானம்தான் கம்பெனிக்குத் தகவல் வந்ததாம்.

அதற்குப் பிறகு அப்பா ஸ்கூட்டரை எடுக்கவே இல்லை. பஸ்ஸில் போனார். நான் பள்ளிக்கு நடந்தேன். எங்க அப்பாவுக்கு வண்டி ஓட்டப் பயம் வந்துவிட்டது என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். அப்படித்தான் நானும் நம்பினேன்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைத் துடைப்பார். ஒருமுறை துடைத்து முடித்து, ஸ்டாண்டு போட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பின்சீட்டில். முன்சீட்டு காலியாக இருந்தது. ஓட்டத்தான் பயம், உட்காரவாவது ஆசையாக இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். ஓடிப்போய் முன்னால் ஏறி ஹாரனை அழுத்தி, மாமா மாதிரியே குரலை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏனுங்க, கிளம்பலாமுங்களா?"

அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தனியாப் போகாதீங்க. நானும் வாரேனுங்க" என்றார்.

என்னிடம் ஒருநாளும் மரியாதை போட்டுப் பேசாத அப்பா! எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல், தெருவே கேட்கிற மாதிரி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன்.