இடப்பக்கம் இழுத்த மூன்று சில்லு வண்டி

என்போல் எவரும் துணைவிமீது வீண்பழி சுமத்தி ஆபத்தில் சிக்கலாகாது என்றே இதனை எழுதுகிறேன்.

சென்ற மாதம் கண்டாவளைக்குச் செல்கையில், ஒற்றைச் சக்கரத்தோடு ஆள் அமரும் பக்கப்பெட்டி பூட்டிய எனது மோட்டார்ச் சைக்கிள் இடப்பக்கம் இழுத்தது. பெட்டியில் மனைவி அமர்ந்திருந்தார். மாட்டுவண்டி ஓட்டிய பழக்கத்தால் பாரமே காரணமெனக் கருதி, "இஞ்சேர், கொஞ்சம் வலப்பக்கம் சரிஞ்சு இரும்" என்றேன்.

"இந்தப் பெட்டிக்குள்ள எங்கயப்பா சரியிறது? குளக்கட்டு வருது. நான் இறங்கிறன், தனிய ஓடிப் பாருங்கோ."

தனியே ஓட்டியபோதும் வண்டி அவ்வாறே இழுத்தது. குனிந்து பார்த்தேன். பெட்டியை வண்டியோடு பிணைக்கும் திருகாணியின் சுரை, அதாவது நட்டு, கழன்று நுனிக்கு வந்திருந்தது; பெட்டி தளர்ந்ததே இழுப்புக்குக் காரணம். குளக்கட்டின்மேல் போகையில் அச்சுரை கழன்று விழுந்திருந்தால், பெட்டி அவரோடு குளத்தில் வீழ்ந்திருக்கும்!

"இப்ப ஆர் பாரம்?" என்று அருகே வந்த மனைவி சிரித்தார்.

இப்பொழுது சுரைகளை இறுக்கிய பின்னரே அவரை ஏறச் சொல்கிறேன். என் விளக்கத்தில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்தியருள்க. முதற்பிழையை மனைவி திருத்திவிட்டார்.