பனிமனிதனைக் குடையால் குத்திய கதை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று புதூர்நாடு பஸ்ஸில், அச்சடித்த ஒரு பனிமனிதனைக் குடை முனையால் குத்திவிட்டேன்.

அவன் இருந்தது, புளி வியாபாரி தாமஸ் அண்ணன் வாங்கி வந்த இங்கிலீஷ் பியானோ பாடப் புத்தகத்தில். அவர் மகள் மெர்சி என்னிடம் சர்ச் பியானோவில் கற்கிறாள்.

"இனிமே இதுலதான் சொல்லித் தரணும், டீச்சர். இல்லன்னா மெர்சிய நிறுத்திடறேன். புளி தட்டற பொம்பளைங்க பாட்டப் போய் பியானோல வாசிக்கறா, மானம் போவுது!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் ஏற்கெனவே இருக்கும் பாட்டு என்பதால்தான் அந்தப் பெண் வந்த மாதமே இரண்டு கையாலும் வாசிக்கிறாள். இந்தப் புத்தகத்திலோ மூன்று பக்கத்துக்கு ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டு, பனி கொட்டுவதாகப் பாட வேண்டும்.

"அண்ணே, உங்க பொண்ணு பனிமனுசன எங்க பாத்தா? நம்ம காவலூர்லயா?"

"ஏன், புளி மட்டும் இன்னா பியானோலயா காய்க்குது?"

பஸ்ஸே சிரித்தது. அப்போதுதான் குடையை எடுத்தேன்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெர்சி மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், நாளைக்கு நான் வரட்டா, வேணாமா?"

"வா. அந்தப் புத்தகத்தயும் எடுத்துனு வா."

தாமஸ் அண்ணன் ஜெயித்த முகத்தோடு இறங்கினார். சர்ச் ஸ்டூல் அவளுக்குக் குட்டை. தடித்த புத்தகம், மேலே போட்டு உட்கார வசதி.

செய்தது தப்பென்றால் தாராளமாகத் திட்டுங்கள்.

பஸ்ஸில் ஒன்றை மட்டும் சொல்லவில்லை: நான் பியானோ கற்றதும் அதே பனிமனிதனிடம்தான்.