நேற்று மாதிரிதான்

சுவா சூ காங் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேநீர்க் கடைக்காரர் நான்கு வருடங்களாக என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். “சேம் ஆ?” நான் தலையாட்டுவேன். டின் பாலும் சீனியும் போட்டிபோடும் தேநீர் வரும். முதல் நாள், சீனி குறைவாக வேண்டும் என்று கையாலும் வாயாலும் விளக்கினேன். அந்தச் சீனப் பெரியவர், “தே சியூ டாய்?” என்றார். ஏதோ புதுப் பானத்தை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று பயந்து, “நோ, நோ, தே மட்டும்” என்றேன். சியூ டாய் என்றாலே சீனி கம்மி என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் அவர் ‘சேம் ஆ?’வுக்கு வந்துவிட்டார். இவ்வளவு பிரியமாக நினைவு வைத்திருப்பவரிடம், நீங்கள் நினைவு வைத்திருப்பதே தப்பு என்று எப்படிச் சொல்வது? பாயசத்தைக் குடித்துவிட்டு ரயிலேறிவிடுவேன்.

என் வேலையைக் கேட்டால் ஊரில் சிரிப்பார்கள். கைபேசிக்கும் கோபுரத்துக்கும் நடுவே காற்றில் போகும் அலை, அடுக்குமாடிச் சுவர்களில் மோதி, மழையில் நனைந்து, எப்படி வந்து சேர்கிறது என்று கைபேசி கோபுரத்துக்குத் திரும்பச் சொல்லவேண்டும். அப்போதுதான் கோபுரம் அலையைச் சரியான பக்கம் திருப்பி அனுப்பும். ஆனால் எல்லாக் கைபேசிகளும் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னால், சொல்வதற்கே காற்றில் இடம் போதாது. பந்தியில் பரிமாறுகிறவர் ஒவ்வொரு இலையிலும் நின்று கதை கேட்க முடியுமா? இலைக்கு மேல் கையை நீட்டினால் ‘போதும்’ என்று புரிந்துகொண்டு நகர்வதில்லையா? அந்தக் கையசைவைக் கைபேசிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குச் சம்பளம். காலை ரயிலின் ஆட்டத்தில் கண் சொருகும்போது, பெட்டி முழுக்க அந்தச் சின்னச் சின்னக் கையசைவுகள் மிதந்துபோவது தெரிகிற மாதிரி இருக்கும்.

அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் நான் செய்த தவறு. கோவில்பட்டியில் அப்பா தனியாக இருக்கிறார். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே காலம் கழித்தவர். ஓய்வுபெற்ற பிறகும் காலையில் சிவப்புப் பேனாவோடுதான் செய்தித்தாளைப் பிரிப்பார். நான் இங்கு வந்த புதிதில் தினமும் அழைத்து, பால்காரர் வராதது, குழாயில் தண்ணீர் வந்தது, மூன்றாம் பக்கத்தில் ஒற்று விட்டுப்போனது என்று ஒன்று விடாமல் சொல்வார். எனக்கோ ரயிலைப் பிடிக்கும் நேரம்.

ஒருநாள் சொன்னேன். “அப்பா, தினம் எல்லாத்தையும் சொல்ல வேண்டாம். நேத்து மாதிரியே இருந்தா ஒரு மிஸ்டு கால் போதும். ஏதாவது மாறுனா மட்டும் பேசுங்க.”

“அதுவும் சரிதாம்மா. உனக்கும் வேலை கெடாது” என்றார்.

அன்றிலிருந்து அங்கே ஆறு, இங்கே எட்டரை ஆனால் என் கைபேசி இரண்டு முறை அதிர்ந்து அடங்கும். உள்ளங்கையில் அந்த அதிர்வு வந்துபோனால் எனக்கு நாள் நல்லபடியாகத் தொடங்கிவிட்டதாகப் பொருள். மெத்தப் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிறுகளில் தேக்கா சந்தைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போகும்போது மட்டும் வீடியோவில் அழைத்துப் பேசுவேன். அங்கே புல்தரையெங்கும் நம் ஆட்கள் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, “நல்லாத்தான் இருக்கேன், சாப்டாச்சு” என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நடுவே நின்று, “எப்படிப்பா இருக்கீங்க?” என்பேன். “நேத்து மாதிரிதாம்மா” என்பார். படத்தில் அவருடைய நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். குறுஞ்செய்தி தட்டுவதை விட்டுவிட்டு, குரலிலேயே செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தார். “அப்பா, நீங்க பெரிய ஆளாயிட்டீங்க” என்று பாராட்டினேன். இதை எழுதும்போதுகூடக் கூசுகிறது.

ஆராய்ச்சிக் கூடத்தில் என் யோசனையைச் சோதித்துப் பார்க்கும் நாள் வந்தது. போன கணத்துக்கும் இந்தக் கணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கைபேசி சொல்லும். வித்தியாசம் மிகச் சிறியதென்றால் ‘அதே’ என்று ஒரு தலையாட்டல். அவ்வளவுதான். என்னோடு வேலை செய்யும் வெய் லிங் கைபேசியை ஒரு தள்ளுவண்டியில் வைத்து, நடைவழியில் மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போனாள். திரையில் ‘அதே, அதே’ என்றே வந்துகொண்டிருந்தது. நான் கைதட்டாத குறை. பிறகு திடீரென்று இணைப்பு அறுந்தது. எட்டிப் பார்த்தால் வண்டி நடைவழியின் மறுகோடியில் இருக்கிறது. அலையோ முதலில் வண்டி நின்ற வெறும் சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது.

“போன் சே சேம், சேம், சேம்” என்று சிரித்தாள் வெய் லிங். “பட் ஆல்ரெடி ரீச் லிஃப்ட் லா!”

ஒவ்வொரு அடியும் சின்னதுதான். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசமே இல்லைதான். நடுநடுவே ஒருமுறை, பழையதை மறந்துவிட்டு முழுசாகச் சொல் என்று கேட்டாக வேண்டும் என்று அவள் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த நடைவழி கோவில்பட்டிவரை நீண்டுவிட்டது. கதவைத் திறந்துகொண்டு மாடிப்படிக்குப் போய் அப்பாவை அழைத்தேன்.

“என்னம்மா, இந்த நேரத்துல? ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்லப்பா. பேப்பர்ல இன்னைக்கு என்ன தப்பு?”

“பேப்பரை நிறுத்தி அஞ்சாறு மாசமாச்சே.”

“ஏன்ப்பா?”

“எழுத்து சரியாப் புடிபடலம்மா. பக்கத்துல வர்றவங்க முகமும் இப்ப கலங்கலாத்தான் இருக்கு.”

“மாறுனா சொல்லுங்கன்னு சொன்னேனேப்பா!” கத்திவிட்டேன் போலிருக்கிறது. கீழ்ப்படியில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அது ஒருநாள்ல நடக்கலையேம்மா” என்றார் அப்பா. “எந்த நாள்னு சொல்றது?”

அந்த வாரமே ஊருக்குப் போனேன். மதுரையில் கண் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை ஓரத்தில் தொடங்கி நடுவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கிறது என்றார். போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். சிவப்புப் பேனா பிடித்த மனிதர் அதைக் கேட்டு, “சரிங்க டாக்டர்” என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது. சொல்வதைச் சுருக்கத் தெரிந்த எனக்கு, சுருங்கியதில் என்ன விட்டுப்போனது என்று பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை, நான் போடுகிறேன் என்றாலும் கேட்காமல், அப்பாவே தடவித் தடவி அடுப்பை மூட்டி டீ போட்டார். “உனக்குப் புடிச்ச மாதிரி, சீனி கம்மியா” என்று தம்ளரை நீட்டினார். ஒரு வாய் குடித்தேன். கசந்தது. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன்; தொண்டை ஏற்கவில்லை. அந்த டீ, நான்கு வருடத்துக்கு முன்னால் இதே சமையலறையில் நின்ற ஒருத்திக்குப் போடப்பட்டது. அவள் நின்ற இடத்தில் இப்போது யாரும் இல்லை.

அவர் மருந்துப் புட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார். பார்க்க மாட்டார் என்ற தைரியத்தில் டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கினேன்.

டப்பாவும் கரண்டியும் எழுப்பிய சத்தத்துக்கு அப்பா திரும்பினார். “சீனியா போடுற?”

கரண்டியை அப்படியே நிறுத்தினேன்.

“எப்பருந்து?”

“தெரியலப்பா” என்றேன். “அது ஒருநாள்ல நடக்கலையே.”

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பார்த்து, இழுத்துப் போட்டு, என் எதிரே உட்கார்ந்தார்.

“சரி, முழுசாச் சொல்லு.”

மணி ஆறு. அங்கே எட்டரை. என் ரயில் நானில்லாமல் கிளம்பியிருக்கும். எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை.

“சுவா சூ காங்ல ஒரு டீக்கடை இருக்குப்பா” என்று ஆரம்பித்தேன்.