தலைகீழ் மன்றத்தின் கடைசிப் பதிவு

கள்ளக்குறிச்சி தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் கொளஞ்சியம்மாளைத் தெரியும். வேகமாகத் தட்டச்சு செய்வார். பெயரில் ஓர் எழுத்து பிசகாது. யாரிடமும் எரிந்து விழமாட்டார். அந்த மனுஷி பதினாறு வருஷமாக ஓர் இணைய மன்றத்தை நடத்திவந்தார் என்பதும், அதில் ஒரு காலத்தில் நாலாயிரம் பேர் இருந்தார்கள் என்பதும் வரிசையில் நின்ற ஒருவருக்கும் தெரியாது.

மன்றத்தின் பெயர் ‘தலைகீழ்’. தீம் பார்க் பைத்தியங்களுக்கானது. ரோலர் கோஸ்டரில் ஏறியவர்கள், ஏற ஆசைப்பட்டவர்கள், ஏறி வாந்தி எடுத்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஊர்த் திருவிழாவுக்கு வரும் ராட்டினத்தைக்கூட விடாமல் சுற்றிப் பார்த்து, அதன் அச்சு எந்தப் பக்கம் கிரீச்சிடுகிறது என்று எழுதிப்போடுவார்கள்.

கொளஞ்சி நைனார்பாளையத்துக்காரர். அப்பா சுப்புராயன் கரும்பு வெட்டும் கூலி. பாலிடெக்னிக் கடைசி வருஷம், 2005இல், சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தீம் பார்க்குக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். கூட வந்த பெண்கள் ஒரு தடவை ஏறிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டார்கள். கொளஞ்சி மட்டும் ரோலர் கோஸ்டரில் ஏழு தடவை ஏறினார். ‘அதுவரைக்கும் நான் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. பொம்பளைப் பிள்ளை சிரிக்காதே என்று சொல்ல அங்கே மேலே யாரும் இல்லை’ என்று மன்றத்தின் முதல் பதிவில் எழுதியிருந்தார். 2008இல் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தபோது, கூட்டமில்லாத மதிய நேரங்களில் தானே படித்துப் படித்து அந்த மன்றத்தை உருவாக்கினார்.

கொளஞ்சி என்று எங்கள் பக்கம் ஆண்களுக்கும் பெயர் வைப்பார்கள். இரண்டு வருஷம் எல்லாரும் அவரை ‘கொளஞ்சி அண்ணா’ என்றுதான் எழுதினார்கள். அவரும் திருத்தவில்லை. 2010இல் முதல் சந்திப்பு. பார்க் வாசலில் பதினெட்டுப் பேர் ஓர் அண்ணனுக்காகக் காத்திருக்க, ஊதாப் புடவையில் ஒரு பெண் வந்து, “நான்தாங்க கொளஞ்சி” என்றார். முதலில் ஒருவர் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள், அன்றிலிருந்து அவர் அக்கா.

அடுத்த வருஷம் செழியன் என்று ஒருவன் சேர்ந்தான். கல்வராயன் மலையில் கரியாலூர். ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு, கொளஞ்சி ஏழு தடவை ஏறிய அதே பார்க்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மற்றவர்கள் மேலே இருந்து பார்த்ததை எழுதினார்கள், இவன் கீழே இருந்து பார்த்ததை எழுதினான். காலையில் கதவு திறக்கும் முன்பு தண்டவாளம் முழுக்க நடந்துபோய் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்ப்பது, மனுஷ எடைக்குத் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளைச் சீட்டில் உட்காரவைத்து முதல் ஓட்டம் விடுவது, சக்கரத்தின் சத்தம் மாறினால் எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிப்பது, இதையெல்லாம் எழுதுவான். கொளஞ்சி அவனை ஒரே ஒரு தடவை நேரில் பார்த்தார், இரண்டாவது சந்திப்பின்போது. கையெல்லாம் கிரீஸ்.

“மேல ஏர்றவங்க ஒன்ற நிமிஷம்தான் பாக்குறாங்கக்கா. நான் நாள் பூரா பாத்துக்கினு கீறேன்” என்றான்.

அறுநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் எழுதினான். 2016 பொங்கலுக்கு வண்டியில் ஊருக்குப் போனவன், மலைப்பாதை வளைவில் எதிரே வந்த லாரியில் மோதி இறந்துபோனான். இருபத்தாறு வயது. மன்றத்தில் முந்நூறு பேர் அழுது எழுதினார்கள். கொளஞ்சிக்கு அப்போது மகள் பிறந்து பத்து நாள். சாவுக்குப் போக முடியவில்லை. உடம்பு தேறியதும் அவன் வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்று நினைத்தார். அப்படியே எட்டு வருஷம் போய்விட்டது.

மன்றம் ஒரே நாளில் சாகவில்லை. முதலில் வாட்ஸ்அப் குழு வந்தது, பிறகு ரீல்ஸ். ஆயிரம் வார்த்தையில் எழுதிய பயணக் கதையை முப்பது வினாடியில் காட்டிவிட முடிந்தபோது எழுதியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். படங்களைச் சேமித்துவைத்திருந்த இலவசத் தளம் மூடப்பட்டு, பழைய பதிவுகளில் படம் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டங்களாயின. கடைசி இரண்டு வருஷத்தில் மருந்து விற்கும் போலிக் கணக்குகள்தான் ஜாஸ்தி. ஒவ்வொரு நாள் காலையும் மையத்தைத் திறக்கும் முன் அவற்றை அழிப்பது கொளஞ்சிக்கு வாசல் பெருக்குவது போல ஒரு வேலையாகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் சர்வர் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய இயந்திரங்களை ஏப்ரல் 30ஆம் தேதியோடு நிறுத்துகிறார்களாம். பெங்களூரில் வேலை பார்க்கும் கவியரசன் என்ற பழைய உறுப்பினர், எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிப் பார்க்கிறேன் என்று இரண்டு வாரம் உழைத்தார். பிறகு போன் செய்தார்.

“அக்கா, மன்னிச்சிக்கோங்க. நாப்பத்திரண்டாயிரம் பதிவும் வருது. ஆனா தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியா வருதுக்கா. அந்தக் காலத்து மென்பொருள், உள்ள எப்படி எழுதி வெச்சிருக்குன்னே புரியல.”

“எல்லாமேவா?”

“தேதி மட்டும் சரியா இருக்கு.”

மார்ச் மாதம் மூன்றாவது வாரம், சாப்பாட்டு இடைவேளையில், கொளஞ்சி அறிவிப்பைப் போட்டார். ‘ஏப்ரல் 30 பகல் பன்னிரண்டு மணிக்குத் தலைகீழ் மூடப்படும். வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை இருந்ததற்கு நன்றி.’ அழகாக எழுத வேண்டும் என்று ஒரு வாரம் யோசித்தவருக்கு இதற்குமேல் வரவில்லை.

மூன்றாம் நாள் ஒரு செய்தி வந்தது. ‘அக்கா, நான் செழியன் தங்கச்சி எழில்மதி. அண்ணன் எழுதினத தினம் ஒன்னு படிக்கிறேன். முடிஞ்சா மறுபடி முதல்லேருந்து. அப்பா அம்மாவுக்குத் தெரியாது. மூடிட்டா நான் இன்னா பண்றது?’

செழியனின் பதிவுகளை யாரோ தினமும் திறக்கிறார்கள் என்பதைப் பார்வை எண்ணிக்கையில் கொளஞ்சி கவனித்திருந்தார். ஏதோ தேடுபொறி என்று விட்டுவிட்டார். அன்று மாலையே ஒவ்வொரு பக்கமாகத் திறந்து அச்செடுக்க ஆரம்பித்தார். மூன்று வாரம் ஆயிற்று. முந்நூற்று நாற்பது பக்கம். இரண்டு புத்தகமாக ஸ்பைரல் போட்டார்.

ஏப்ரல் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் அரங்கநாதன் வண்டியை ஓட்ட, மலைக்குப் போனார். எந்த வளைவில் அது நடந்தது என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் கணவரின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

எழில்மதி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். அண்ணனின் நண்பர்கள் வருகிறார்கள் என்று மட்டும் வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். அம்மா ரங்கம்மாள் புத்தகங்களை மடியில் வாங்கிக் கனம் பார்த்தார். அப்பா இருசப்பன் மரவள்ளிக் காட்டிலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்.

“இம்மாம் எழுதினானா எம்புள்ள?” என்றார் ரங்கம்மாள்.

“ஆமாம்மா. நாங்க எல்லாம் தினம் அவன் எழுதினதத்தான் முதல்ல படிப்போம்.”

“எங்களப் பத்தி எழுதிக்கிறானா?”

எழில்மதி டீ டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா மறுபடி கேட்டார்.

“எழுதிக்கிறாம்மா. ஒன்னே ஒன்னு.”

“அதப் படி.”

அவள் கொளஞ்சியைப் பார்த்தாள். கொளஞ்சிக்கு அந்தப் பதிவு நினைவில் இல்லை. அதனால் தலையசைத்துவிட்டார். பிறகு அதை நினைத்து எத்தனையோ நாள் வருந்தினார். எழில்மதி புத்தகத்தை வாங்கி, தேதியை வைத்துப் பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். 2014 மே மாதத்துப் பதிவு.

‘இன்று எங்களுக்குக் குடும்ப நாள். எல்லார் வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். அப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். முதல் பெட்டியில் இடது பக்கச் சீட்டை அவருக்கு வைத்திருந்தேன். உச்சியில் அங்கிருந்துதான் ஏரி தெரியும். நாலு மணி வரைக்கும் அதில் யாரையும் உட்காரவிடவில்லை. பஸ் தவறிவிட்டது என்று போன் செய்தார். நான் பார்க்கும் வேலை அவருக்கு ஒரு வேலையாகவே படவில்லை போல. பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.’

படித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள். வெளியே ஓர் ஆடு கத்திக்கொண்டிருந்தது.

“பஸ்ஸு தவறல” என்றார் இருசப்பன்.

ரங்கம்மாள் திரும்பிப் பார்த்தார்.

“போனேன். வேலி வரைக்கும் போனேன். மேல பாத்தா ஜனம் தலகீழா தொங்கிக்கினு அலறுது. கீழ இவன் நின்னுக்கினு எதயோ புடிச்சி இழுத்துக்கினு கீறான். கிட்ட போனா வேலய வுட்டுட்டு வாடான்னு கைய புடிச்சி இழுத்துக்கினு வந்துடுவேன். ஆனா அவன் சிரிச்சிக்கினு இருந்தான். அங்கேருந்தே மூஞ்சி தெரிஞ்சிது. அத கெடுக்க மனசு வரல. அரமணி நேரம் நின்னு பாத்துட்டு வந்துட்டேன்.”

“அவங்கிட்ட சொல்லலியா?”

“இன்னான்னு சொல்றது? பயந்துகினு ஓடியாந்துட்டேன்னா?”

“எங்கிட்டயும் சொல்லலியே நீ” என்றார் ரங்கம்மாள். குரல் உயரவில்லை. “நீ வரலன்னுதானே எம்புள்ள சாவற வரைக்கும் நெனச்சிக்கினு இருந்தான்.”

ரங்கம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். கொளஞ்சிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எழில்மதி கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டிப்போயிற்று.

கிளம்பும்போது இருசப்பன் வண்டி நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் கூடவே வந்தார்.

“யம்மா, அவன் எழுதினதுக்குக் கீழ வேற யாராச்சும் எழுதலாமா?”

“எழுதலாம் ஐயா. இந்த மாசம் முப்பது வரைக்கும்.”

“நான் சொன்னா நீ எழுதுவியா?”

அந்த இடத்தில் சிக்னல் இல்லை. இருவரும் மேட்டில் ஏறி, அரசுப் பள்ளிச் சுவரோரம் நின்றார்கள். அவர் சொல்லச் சொல்லக் கொளஞ்சி போனில் தட்டினார். அவர் பேச்சில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

‘செழியா, அப்பா வந்தேன். வேலிக்கு வெளிய நின்னு பாத்தேன். நீ செஞ்சது பெரிய வேலதான். சொல்லாதது என் தப்பு.’

“போதும்” என்றார். “இப்ப அது போயிடுச்சா?”

“போயிடுச்சிங்க ஐயா.”

அவர் சட்டென்று திரும்பிக் காட்டுப் பக்கம் நடந்தார். மலையடிவாரத்தில் அரங்கநாதன் வண்டியை ஓரங்கட்டி, கொளஞ்சி அழுது முடிக்கும் வரை சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.

ஏப்ரல் 30 செவ்வாய்க்கிழமை. மையத்தில் அன்று பதினோரு பேர் வரிசையில் இருந்தார்கள். வழியனுப்ப முப்பத்தேழு பேர் மன்றத்தில் எழுதியிருந்தார்கள். சிலர் எட்டு, பத்து வருஷம் கழித்து வந்தவர்கள், கடவுச்சொல்லை மறந்து கேட்டு வாங்கி உள்ளே வந்தவர்கள். இருசப்பனின் பதிவுக்குக் கீழே ஒருவரும் எதுவும் எழுதவில்லை. அதைத் தாண்டி எழுத யாருக்கும் மனம் வரவில்லை என்று கவியரசன் பிறகு சொன்னார்.

பன்னிரண்டு மணிக்குக் கொளஞ்சி, “ஒரு ரெண்டு நிமிஷம் இருங்கம்மா” என்று முன்னால் நின்ற பெண்ணிடம் சொல்லிவிட்டு, நிர்வாகிப் பக்கத்தைத் திறந்தார். ‘நிச்சயமாகவா?’ என்று அது கேட்டது. அந்தக் கேள்வியைத் தமிழில் மொழிபெயர்த்து வைத்தவர் அவரேதான். ஆம் என்று அழுத்தினார். பக்கம் ஒருமுறை வெளுத்தது. மறுபடி திறந்து பார்த்தபோது அப்படி ஒரு தளம் இல்லை என்று வந்தது.

“சர்வர் இல்லியாம்மா?” என்றாள் அந்தப் பெண்.

“இது வேற. ஒங்களுது வரும். ஆதார் குடுங்க.”

இரண்டு வாரம் கழித்து எழில்மதி போன் செய்தாள். அம்மா அப்பாவோடு பேசுவதில்லையாம். சோறு போடுகிறார், தண்ணீர் வைக்கிறார், ஒரு வார்த்தை கிடையாது. புத்தகங்களைப் பீரோ மேல் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்களாம்.

“நான் அதக் கொண்டாந்திருக்கக் கூடாதோ எழிலு?”

“தெரியலக்கா. அப்பா முன்னவிட கொஞ்சம் லேசாத்தான் கீறாரு. அம்மாதான்…” அவள் பேச்சை மாற்றினாள். “நானும் படிக்கிறதில்ல இப்ப. போன்ல படிச்ச மாரி இல்ல. அதுல படிச்சா இப்பதான் எழுதிப்போட்டான்னு இருக்கும்.”

பழைய ஆட்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். காலை வணக்கமும் பூப்படங்களுமாக வந்தன. ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கொளஞ்சி அதிலிருந்து விலகிக்கொண்டார். போலிக் கணக்குகளை அழிக்கும் வேலை இல்லாததால் காலையில் கால்மணி நேரம் மிச்சமாகிறது. அதை என்ன செய்வதென்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்து, சான்றிதழ்க் கூட்டம் தெருவரை நின்ற ஒரு நாள் துபாயிலிருந்து அழைப்பு வந்தது. தீனதயாளன் என்று ஒரு பழைய உறுப்பினர். மன்றம் மூடியதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

“அக்கா, 2011ல கடலூர் பொருட்காட்சி பத்தி ஒன்னு எழுதியிருந்தேன். என் ஒய்ஃப்போட மொத தடவ ராட்டினம் ஏறினது. அவ போன வருஷம் தவறிட்டா. அது மட்டும் எங்கியாவது இருக்குமா?”

கொளஞ்சிக்கு அந்தப் பதிவு நன்றாக நினைவிருந்தது. மேலே போய் நின்றபோது அந்தப் பெண் கொலுசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள் என்று எழுதியிருந்தார். நாற்பத்திரண்டாயிரத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டைத்தான் தன்னால் எடுக்க முடிந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

“இல்லீங்க” என்றார். “எடுத்து வெக்கல. மன்னிச்சிடுங்க.”

“பரவால்லக்கா” என்று சொல்லி அவர் போனை வைத்தார்.