நான் எடுத்த பூ

அந்த வருடம் பங்குனி முழுவதும் கனடாவில் லாசால் பகுதியிலிருந்த எங்கள் வீட்டில் அப்பாவும் அண்ணையும் பேசிக்கொள்ளவில்லை. "அப்பாட்டச் சொல்லு" என்று அண்ணையின் அறையிலிருந்தும், "கொண்ணையிட்டச் சொல்லு" என்று அப்பாவின் அறையிலிருந்தும் வரும். தூது போனது நான். எனக்கு ஒன்பது வயது.

அண்ணை டவுன்டவுன் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் மூன்றாம் வருடம். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டிமோதும் கனடியக் கால்பந்தில் அந்தப் பல்கலைக்கழக அணியின் குவாட்டர்பேக்கும் அவர்தான். பந்தை எறிவது அவர் வேலை. அவரை விழுத்துவது எதிரணி முழுவதற்கும் வேலை. கோயிலில் கேட்பவர்களிடம் அப்பா எஞ்சினியரிங்கை மட்டும் சொல்வார்.

மேற்கே ஒரு தொழில்முறை அணி அண்ணையை உடனே வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தது. கையெழுத்து வைத்தால் படிப்பு அந்தரத்தில் நிற்கும்.

"ஒரு வருசம்தானே. முடிச்சுப்போட்டுப் போகட்டும். பந்து என்ன, ஓடியே போயிடும்?" என்பார் அப்பா.

"பந்து ஓடாது, இந்தக் கைதான் போயிடும். அடுத்த வருசமும் கேப்பாங்கள் எண்டு என்ன நிச்சயம்?" என்பார் அண்ணை.

இருவர் சொல்வதும் சரியாகவே எனக்குப் பட்டது. அதுதான் பெரிய தலையிடி. அம்மா எந்தப் பக்கமும் சாயவில்லை. தொலைக்காட்சியில் தொழில்முறை ஆட்டம் போனால் மட்டும் எழுந்து போய்விடுவார். அதில் ஆடுபவர்கள் ஒவ்வொருவரும் மலை மாதிரி இருந்தார்கள்.

"கோயில்ல பூக்கட்டிப் பாப்பம். முருகன் சொல்லட்டும்" என்றார் அம்மா ஒருநாள். சிவப்பு வந்தால் போவது, வெள்ளை வந்தால் படிப்பது என்று அப்பாவும் அண்ணையும் ஒத்துக்கொண்டார்கள். பூக்களைத் தனித்தனித் தாளில் மடித்துச் சாமி முன் வைத்து, ஒரு சின்னப்பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். சின்னப்பிள்ளை மனதில் கள்ளம் இராதாம். வீட்டில் சின்னப்பிள்ளை நான்தான்.

கள்ளம் கோயிலுக்குப் போவதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. டெப்பனர் என்கிற மூலைக்கடையில் கார்னேஷன் பூக்கட்டொன்று வாங்கிவந்த அண்ணை, அதிலிருந்து ஒரு சிவப்பையும் ஒரு வெள்ளையையும் உருவினார். வெள்ளையின் காம்பை மட்டும் ஒட்ட நறுக்கினார்.

"தாளைத் தடவிப் பார். காம்பு நீளமா இருக்கிறதை எடு. சரியோ?"

"ஓம்" என்றேன். சாமியை ஏமாற்றப் போகிறேனே என்ற பயத்தில் அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் அண்ணையிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மறுநாள் காலை அம்மா அந்த இரண்டு பூக்களையும் வாங்கிக்கொண்டு, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு மடித்தார்.

கோயிலில் ஐயர் தட்டை நீட்டினார். ஒரு பொட்டலத்தைத் தடவினேன், காம்பு கட்டை. மற்றதைத் தடவினேன், அதுவும் கட்டை. முருகன் கண்டுபிடித்துவிட்டார், காம்பையே குறுக்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"எடு பிள்ளை" என்றார் அம்மா.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். வெள்ளை.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணை என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் சுடுகிறது. மற்றப் பொட்டலத்தைப் பிரித்தால் குற்றம் என்று சொல்லி அம்மா கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கப் போனபோது, அரிசி வாளிக்குப் பின்னால் ஒரு கிளாசில் சிவப்புக் கார்னேஷன் ஒன்று நீளக் காம்போடு நின்றது. அண்ணை வாங்கிய பூக்கட்டில் மிஞ்சியதாக்கும் என்று நினைத்தேன்.

அண்ணை சொன்ன சொல் மாறவில்லை, படிக்க நின்றார். அந்த இலையுதிர்காலத்தில், பல்கலைக்கழக அணியின் மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு பேர் மேலே விழுந்து அவருடைய எறிகிற தோள் உடைந்தது. இனி முன்போல எறிய முடியாது என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அடிபடாமல் இருக்கட்டும் எண்டுதானே ரெண்டிலயும்… எல்லாம் என்னாலதான்."

"உன்னில என்னப்பா பிழை? அது முருகன் சொன்னது" என்று அப்பா தேற்றினார். அதைக் கேட்டதும் அம்மாவின் அழுகை இன்னும் கூடியது.

எனக்கோ அம்மாமேல் கோபம்தான் வந்தது. பூவை எடுத்தது நான், பழியும் எனக்குத்தானே வரவேண்டும். அதை ஏன் அம்மா தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று விளங்காமல், அவரைவிடச் சத்தமாக நான் அழுதேன்.