சிரிப்புக்கு விட்ட இடைவெளி

நகைச்சுவைத் தொடர்களில் கேட்கிற சிரிப்பு யாருடையது என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: அது என் கணினியில் இருக்கிறது. படப்பிடிப்புத் தளத்தில் யாரும் சிரிப்பதில்லை. சிரித்தால் இயக்குநர் வெளியே துரத்திவிடுவார். நடிகர்கள் வசனத்தைச் சொல்லிவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சும்மா நிற்பார்கள். அந்த இடைவெளியில் நான் பிறகு சிரிப்பைப் போட்டு நிரப்புவேன். பதினான்கு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

அந்த இடைவெளி விடுவதில், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் நடிகையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் நடிக்க வந்ததே முப்பத்தெட்டு வயதில். அதற்கு முன் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்து, வலியில் துடிக்கிறவர்களைப் பேச்சுக் கொடுத்தே காத்திருக்க வைத்தவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் ஒருத்தி. வீங்கிய கன்னத்தோடு போன எங்கள் இயக்குநர் அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்து, வலி இரண்டு மடங்காகி, அடுத்த வாரமே கூப்பிட்டு ஒரு வேடம் கொடுத்தார். ஏணி கடன் கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டே வரி.

அந்த இரண்டு வரி பன்னிரண்டு வருடம் ஓடியது. ஜனங்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பேருந்தில் ஏறினால், ஏணியை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். இறங்கும்போது தருகிறேன் என்று அக்கா முகம் மாறாமல் சொல்லிவிட்டு, முதல் ஆளாக இறங்கிப் போய்விடுவார்.

சென்ற வருடம் அந்த இடைவெளி நீள ஆரம்பித்தது. இரண்டு எண்ணிக்கை நாலானது, ஐந்தானது. அக்கா எதிரில் நிற்பவரைக் கண் அகல உற்றுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அடுத்த வரிக்கு வருவார். நானும் சிரிப்பை இழுத்து இழுத்துப் போட்டேன். போதாத இடத்தில் கைதட்டலையும் சேர்த்தேன். இப்போதுதான் இவருடைய நடிப்பு பழுத்திருக்கிறது என்று ஒரு பத்திரிகையில்கூட எழுதினார்கள்.

ஒருநாள் மின்விசிறி இரைச்சலை நீக்குவதற்காக, அவர் குரலை மட்டும் தனியாக ஹெட்போனில் கேட்டேன். இடைவெளியில் மூச்சோடு மூச்சாக ஒரு முணுமுணுப்பு. "அப்புறம் என்ன... ஐயோ, அப்புறம் என்ன?" பழைய பதிவுகளை வரிசையாக எடுத்துக் கேட்டேன். நாலு மாதமாகவே அந்த முணுமுணுப்பு இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் நான்தான் ஊரே சிரிப்பதுபோல் சிரிப்பைக் கொட்டியிருந்தேன்.

இயக்குநரிடம் சொன்னால் அக்காவின் வேலை போய்விடும். சொல்லாமல் இருந்தால் அக்காவே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுவார். இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு, ஒப்பனை அறைக்குப் போய் அவரிடமே சொன்னேன். அவர் முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"மறதி வருதுன்னு எனக்கே தெரியும் தம்பி. வெளிய தெரியுதான்னு வாராவாரம் வீட்ல உக்காந்து நம்ம தொடரப் பாப்பேன். நான் தடுமாறுற எடத்துலல்லாம் சிரிப்பு வரும். இவ்வளவு பேரு சிரிக்கிறாங்களே, நமக்கு ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டேன்."

அந்தச் சிரிப்பு நான் போடுவது என்று அவருக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருடமாகத் தெரியும். தெரிந்தும் நம்பினார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

மகளிடம் இரண்டு தடவை சொன்னாராம். வீட்டிலும் ஆரம்பித்துவிட்டாயா என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். அவளைக் குறை சொல்ல மாட்டேன். சாவுச் செய்தியை அக்கா சொன்னால்கூடக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பில் உதடு துடிக்கும்.

"சிரிப்பு இல்லாம ஒண்ணு அவளுக்குப் போட்டுக் காட்டு," என்றார். "அவ நம்பினாத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவா. தனியாப் போக எனக்கு பயமா இருக்கு தம்பி."

மறுநாள் மகள் அலுவலகத்திலிருந்து நேராக வந்தாள். ஹெட்போனை மாட்டிவிட்டு மூன்று காட்சிகளை ஓட்டினேன். முதல் காட்சிக்குச் சிரிக்கத் தயாராகவே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றவில்லை. நானே எடுத்துவிட்டேன். எத்தனை நாளாக என்று கேட்டாள். நாலு மாதம் என்றும், மூடி மூடி வைத்தது நான்தான் என்றும் சொல்லிவிட்டு, வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை.

"போன வாரம் கதவத் திறந்து என்னைப் பாத்து, 'யாரும்மா நீ, யாரு வேணும்?'னு கேட்டாங்க அண்ணா," என்றாள். "நான் சிரிச்சேன். அவங்களும் கூடச் சேந்து சிரிச்சாங்க."